வளையம் விழுந்தால் சோப்பு!

என் மச்சினன் இங்கிலாந்தில் இருக்கிறான். ஆடி மாதம் லீவில் சேந்தமங்கலம் வந்தவன், செல்போனில் போட்டோ காட்ட ஆரம்பித்தான். லண்டன் பாலம், ராஜா அரண்மனை என்று எதிர்பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் பட்டிக்காட்டுப் படம்!

கோடைகாலத்தில் அங்கே ஊருக்கு ஊர் 'வில்லேஜ் ஃபேட்' என்று திருவிழா நடக்குமாம். சர்ச் பக்கத்துப் புல்வெளியில் நாலு துணிக் கூடாரம். வீட்டில் சுட்ட கேக், பழைய புத்தகம், லாட்டரிச் சீட்டு. யார் தோட்டத்துக் காய் பெரிசு என்று ஒரு போட்டி. கேக் என்ன எடை இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்ல இன்னொரு போட்டி. இதில் கிடைக்கிற காசு சர்ச் கூரையைப் பழுது பார்க்கவோ, பள்ளிக்கூடத்துக்கோ போகுமாம்.

ஒரு படத்தில் குச்சிகளின் மேல் ஐந்தாறு தேங்காயை நிறுத்தி வைத்திருந்தார்கள். காசு கொடுத்து மரப்பந்து வாங்கி எறிய வேண்டும். தேங்காய் விழுந்தால் நமக்கு. தென்னை முளைக்காத தேசமில்லையா, அங்கே தேங்காய் ஒரு பெரிய பரிசு!

படத்தைப் பார்த்த என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏங்கண்ணு, தேங்காயை எறியறதுக்குக் காசு வேற குடுக்கோணுமா? நம்ம புள்ளையார் கோயிலுக்கு வந்து எறியச் சொல்லு. எறியறவனுக்குப் புண்ணியம், பொறுக்கறவனுக்குச் சட்னி!"

அடுத்தது மினி கோல்ஃப். பச்சை விரிப்பு, குட்டிப் பாலம், சுற்றிக்கொண்டே இருக்கும் பொம்மைக் காற்றாலை. இறக்கைகளுக்கு நடுவே பந்தைத் தட்டி, அந்தப் பக்கக் குழியில் விழ வைக்க வேண்டும். வாரக் கடைசியில் இதற்காகவே ஊர் ஊராய்ப் போகிறானாம். இதற்குச் சரித்திரமும் உண்டு. 1867-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்று குழியில் பந்து தள்ளும் கிளப் ஒன்று ஆரம்பித்தார்கள். பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அழகில்லை என்று அந்தக் காலத்து ஆண்கள் நினைத்ததால், தரையோடு தட்டுகிற ஆட்டம்! அந்த மைதானத்தின் செல்லப் பெயர் 'ஹிமாலயாஸ்'.

"மாப்ளே, இது நம்ம கோலிக்குண்டுதானே? குனிஞ்சு ஆடினா கோலி, நிமிர்ந்து ஆடினா கோல்ஃப்!" என்றேன்.

"போங்க மாமா. இந்த மாதிரியெல்லாம் நம்மூர்ல எங்க இருக்கு?" என்று ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சேந்தமங்கலத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் இருக்கும். நாமக்கல்லில் டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியதாகச் சொல்லப்படும் ராமச்சந்திர நாயக்கர் இந்த ஊர்ப் பாளையக்காரர்தான். கோட்டை அங்கே போய்விட்டது. 1997 ஜனவரி 1-ம் தேதி சேலத்திலிருந்து பிரித்தபோது மாவட்டத் தலைநகர் என்கிற பெருமையும் நாமக்கல்லுக்கே போய்விட்டது. சேந்தமங்கலத்துக்கு மிஞ்சியது, ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் நைனாமலை. திருவிழா பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு இது போதாதா?

மச்சினனை முதலில் கொல்லிமலைக்கு இழுத்துப் போனேன். ஆடி 17, 18 தேதிகளில் அங்கே செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். 20 வரைக்கும் இங்கிலாந்துப் பெருமை பேசிக்கொண்டு வந்தவன், 40-ல் மௌனமானான். 55-ல் என்னிடமிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக்கொண்டான். (நீங்கள் போனால் வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், நாலு பரோட்டாவோடும் போகாதீர்கள்.)

செம்மேட்டில் இறங்கினால், அவன் காட்டிய போட்டோ அத்தனையும் நம் பாணியில்! மலர்க் கண்காட்சி, அரசுத் துறைகளின் அரங்குகள், மேடையில் கலை நிகழ்ச்சி, பலாப்பழம், அன்னாசி, மிளகு, மலை வாழைப்பழம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கம், ஆகாய கங்கைக்கு ஆயிரம் படி இறங்கிவிட்டு, ஏற முடியாமல் 'முருகா' என்று உட்கார்ந்த கூட்டம் ஒரு பக்கம். அங்கே தேங்காய் அடிக்கிறார்கள் என்றால், இங்கே வில்வித்தைப் போட்டி!

வில்வித்தை இங்கே சும்மா வைத்ததில்லை. இந்த மலையை ஆண்ட ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 152-வது பாட்டு. ஒரு அம்பு, ஐந்து உருப்படி. பி.காம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு முதலீட்டு லாபத்தை நான் எந்தக் கம்பெனி பாலன்ஸ் ஷீட்டிலும் பார்த்ததில்லை!

மச்சினன் சமாதானமாகி விமானம் ஏறிவிட்டான். எனக்குத்தான் திருவிழாப் பித்து பிடித்துக்கொண்டது. புரட்டாசி சனிக்கிழமையில் மனைவி, மகனோடு நைனாமலைக்குக் கிளம்பினேன்.

சேந்தமங்கலத்திலிருந்து புதன்சந்தை போகிற பக்கம் இந்த மலை. (புதன்சந்தையில் மாட்டுச் சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. ஏனென்று என்னைக் கேட்காதீர்கள், மாட்டைக் கேளுங்கள்.) உச்சியில் வரதராஜப் பெருமாள். செங்குத்தாகப் படிகள், இரண்டாயிரத்துக்கு மேல். விடிவதற்குள் ஏற ஆரம்பித்தால் பிழைத்தீர்கள். வெயில் வந்துவிட்டால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கோவிந்தா!

இறங்கி வந்தால் அடிவாரத்தில் அசல் உலகம். பஞ்சு மிட்டாய், பொரிகடலை, முறம் அளவுக்கு டெல்லி அப்பளம், குதிரை ராட்டினம், பலூன் சுடும் துப்பாக்கி. அதற்குப் பக்கத்தில் நான் தேடிய மினி கோல்ஃப். வளையம் எறிகிற கடை!

தார்ப்பாய் விரிப்பில் வரிசையாகச் சோப்பு, சீப்பு, பவுடர் டப்பா, டிபன் பாக்ஸ். கடைசி வரிசையில் கம்பீரமாக ஒரு சுவர்க் கடிகாரம். ஐம்பது ரூபாய்க்குப் பத்து வளையம். எதன் மேல் விழுகிறதோ அது நமக்கு. கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் பொருளுக்கு அடியில் ஒரு கட்டை இருக்கிறது. வளையம் கட்டையையும் தாண்டித் தரையில் படிந்தால்தான் கணக்கு. கடிகாரத்தின் கட்டைக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு நூல் இடைவெளிதான். பிளாஸ்டிக் வளையம் வேறு, பட்டதும் துள்ளும்.

என் பத்தில் ஒன்பது துள்ளியது. பத்தாவது என்னிடமே திரும்பி வந்தது. மகன் இன்னொரு ஐம்பது ரூபாய்க்கு எறிந்து ஒரு சோப்பு வாங்கினான். மனைவி மெதுவாக, "ஏங்க, இந்த நூறு ரூவாய்க்குப் பத்துச் சோப்பு வாங்கியிருக்கலாமுங்க" என்றாள்.

நான் ஓரமாக நின்று கணக்குப் போட்டேன். அரை மணி நேரத்தில் 200 வளையம் எறிந்தார்கள். விழுந்தது 9. வரவு 1,000 ரூபாய். போன சாமான் மதிப்பு சுமார் 100. மிச்சம் 900! அரை மணிக்குத் தொள்ளாயிரமா? ஐந்து பேப்பர் அரியர் வைத்து பி.காம் முடித்த நேரத்தில் ஒரு தார்ப்பாய் வாங்கியிருக்கலாமோ?

கடைக்காரரிடமே கேட்டுவிட்டேன். ஐம்பது வயது இருக்கும். சிரித்தார்.

"கணக்கு சரிதானுங்க. ஆனா கூட்டம் மூணு மணி நேரந்தானுங்க. எடத்து வாடகை, வண்டி வாடகை, கரண்டு, நாலு பேருக்குச் சாப்பாடு. புரட்டாசில சனிக்கெழமை நாலோ அஞ்சோ. அதுல ரெண்டு மழையில போயிருமுங்க. மழைக்கு ஆரு வளையம் எறிவாங்க?"

மாசி, பங்குனி, சித்திரை என்று எந்த ஊரில் எப்போது நோம்பி என்பது அவருக்கு மனப்பாடம். பஞ்சாங்கமே அவரிடம் சந்தேகம் கேட்கும்!

அப்போதுதான் அது நடந்தது. ஒரு இளவட்டம், மூன்று முறை எறிந்து தோற்றவன், முகம் சிவந்துபோய் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினான். கடைக்காரர் வாங்கவில்லை.

"போதும் தம்பி. போய் டீ குடிங்க. அடுத்த வாரம் வாங்க."

பையன் முனகிக்கொண்டே போனான். "வருகிற காசை விடுகிறீர்களே?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசமும் நானு இங்கதான் கடை போடோணுமுங்க. சிரிச்சுக்கிட்டு வந்த புள்ளை அளுதுக்கிட்டு ஊட்டுக்குப் போனா, மறுக்கா ஆரு வருவாங்க?"

இதற்குக் காமர்ஸில் 'குட்வில்' என்று பெயர். நல்லெண்ண மதிப்பு. அதை எப்படி மதிப்பிடுவது என்று மூன்று வருஷம் படித்தேன். யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு வேறொரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். பெயர் வேண்டாம். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர், கெட்டிக்காரர், சொந்தமாகப் பாதி லாரி வைத்திருந்தவர். டோல்கேட் வரிசையில் பொழுது போகாமல் செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தார். முதல் நாள் இருநூறு ரூபாய் ஜெயித்தாராம். அந்த இருநூறுதான் வினை. ஒரு வருஷத்தில் சம்பாதித்தது போயிற்று, மனைவியின் செயின் போயிற்று, கடைசியில் லாரியில் இருந்த பங்கும் போயிற்று. நடுராத்திரியில், போர்வைக்குள், யார் கண்ணிலும் படாமல் தோற்றிருக்கிறார். போதும் தம்பி என்று சொல்ல அங்கே ஆளில்லை. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று சொல்லத்தான் மணியடித்துக்கொண்டே இருந்தது. இப்போது வேறொருவர் லாரியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்.

உயிரையே விட்டவர்களும் உண்டு. அதனால்தான் 2022-ல் தமிழக சட்டசபை இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றைத் தடுக்க முடியாது என்று 2023 நவம்பரில் ஐகோர்ட் சொன்னது. பிறகு 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் போட்டது. சட்டம் நல்லதுதான். ஆனால் தோற்பதில் மனுஷனுக்கு இருக்கிற ஆசையைச் சட்டம் என்ன செய்யும்?

அந்த ஆசைக்கு ஒரு மைதானம் வேண்டும். இங்கிலாந்துக்காரன் தேங்காயைக் குறி பார்த்துத் தவறவிட்டால், போன காசு சர்ச் கூரையில் ஓடாகிவிடும். நைனாமலை அடிவாரத்தில் நான் தோற்ற ரூபாய் நாலு பேருக்குச் சாப்பாடு. இரண்டு இடத்திலும் சுற்றி நின்று பார்க்க ஊர் இருக்கிறது, சட்டையைப் பிடித்து இழுக்க மனைவி இருக்கிறாள், இருட்டினால் கடையைச் சுருட்டிவிடுகிறார்கள். ஐம்பது ரூபாயோடு தோல்வி முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குத் தோற்கக் கற்றுக் கொடுக்க இதைவிட மலிவான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வாசகர்களே, அடுத்த புரட்டாசியில் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, சில்லறையோடு வாருங்கள். வளையத்தை உயரத் தூக்கி எறியாதீர்கள். தாழ்வாக, தட்டையாக, லேசாகச் சுழற்றி விடுங்கள். (சோப்பு ஜெயித்த என் மகனின் தொழில் ரகசியம்.)

அன்றைய கணக்கை முறைப்படி எழுதிவிட்டேன். பஸ் எனக்கும் மகனுக்கும் 20 (மனைவிக்கு டவுன் பஸ் இலவசம்). வளையம் 100. பலூன் 30. டெல்லி அப்பளம் 60. பொரிகடலை 50. ஆகச் செலவு 260 ரூபாய். வரவு, சோப்பு ஒன்று, மதிப்பு 10 ரூபாய். வித்தியாசம் 250 ரூபாயை நஷ்டத்தில் எழுதவில்லை, குட்வில் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆடிட்டர் யாராவது ஆட்சேபித்தால், தயவுசெய்து அவரை ஒரு சனிக்கிழமை நைனாமலைக்கு அனுப்பி வையுங்கள்!