பட்டமரமும் பைங்கிளியும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தொழிற்சாலை மதில்களைக் கடந்ததும் பேரண்டப்பள்ளி வருகிறது. அதனை அடுத்து விரிந்து கிடக்கிறது சானமாவுக் காப்புக்காடு. ஆண்டுதோறும் ராகிக் கதிர் முற்றும் காலத்தில், கர்நாடகத்தின் பன்னர்கட்டா வனத்திலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இங்கு வந்து தங்குகின்றன. அதனால் சானமாவு என்றதும் யாவர் நினைவிலும் எழுவது ஆனைமுகனின் வடிவமாகிய யானையே. அதே காட்டில், எவரும் நின்று நோக்காத செல்வம் ஒன்று உண்டு. இலையுதிர்ந்து, பட்டை உரிந்து, உயிரற்று நிற்கும் பட்டமரமே அது.

இப்பகுதி மக்களின் வழிபாட்டுக்கும் காட்டுயிர்களுக்கும் உள்ள உறவு பழமையானது. ஓசூர் மலைமீது மரகதாம்பாளுடன் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேஸ்வரர், முன்னொரு காலத்தில் உடும்பு வடிவெடுத்து அம்பிகையுடன் திருவிளையாடல் புரிந்தார் என்கிறது தலபுராணம். அந்த உடும்பைப் பற்றிய அம்பிகையின் திருமேனி மரகத நிறம் பெற்றதாம். இறைவன் விரும்பி ஏற்ற வடிவமாகிய உடும்பும் மரப்பொந்துகளில் தங்கும் உயிரே.

மரப்பொந்தின் தச்சன் மரங்கொத்தி. உளி போன்ற அலகால், உளுத்து மென்மையான மரத்தைக் கொத்தி, வட்டவாயில் வைத்து உள்ளே ஆழமான அறை அமைக்கிறது. செம்மார்புக் குக்குறுவானும் பட்ட கிளையில் தானே பொந்து குடைந்துகொள்ளும். இவ்விரண்டும் வாழ்ந்து நீங்கிய வீட்டுக்குள் பிற பறவைகள் குடிபுகுகின்றன. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, கொண்டலாத்தி ஆகியவற்றுக்குப் புதிய பொந்தைக் குடையும் ஆற்றல் இல்லை. கிளி, இருக்கும் துளையைச் சற்றே அகலமாக்கிக்கொள்ளும்; அவ்வளவே. பனங்காடையோ தலையிழந்த பனையின் உச்சிப் பள்ளத்தில் முட்டையிடும். பட்டமரம் ஒன்று வீழ்ந்தால் தச்சனின் பட்டறையும், அவன் கட்டிய வீடுகளும் ஒருங்கே அழிகின்றன. புதிய மரக்கன்றை நட்டாலும், அது முதிர்ந்து பொந்து தாங்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மரத்துக்கு இறப்பு முடிவன்று. காளானும் வண்டுப் புழுக்களும் அதன் வைரத்தைச் சிறிது சிறிதாக இளக்குகின்றன. அப்புழுக்கள் மரங்கொத்திக்கு இரை. எஞ்சியது கரையானால் மண்ணாகி, அடுத்த தலைமுறை மரத்துக்கு உரமாகிறது. நின்ற மரம் பலகாலம் கொடுத்ததைப் பட்டமரம் மற்றொரு முறை கொடுக்கிறது.

கிளிக்கும் நம் ஆலயங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லவும் வேண்டுமோ! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கரத்தில் நாள்தோறும் இலைகளால் புதிதாய்ச் செய்த கிளி அமர்கிறது. அருணகிரிநாதர் கிளி வடிவம் கொண்ட வரலாற்றைத் திருவண்ணாமலைக் கிளி கோபுரம் நினைவூட்டுகிறது. மதுரையில் மீனாட்சியம்மை கிளி ஏந்தி நிற்கிறாள். அத்திருக்கோயிலிலேயே சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில், உலர்ந்துபோன பழைய கடம்ப மரம் தலவிருட்சமாகப் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. பட்டுப்போன மரத்தைப் பயனற்றதென நம் முன்னோர் எறிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அங்குள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒருகாலத்தில் கூண்டுக்கிளிகள் வளர்க்கப்பட்டன. இன்று அவை அங்கில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைப்பதும் குற்றம். கூண்டிலிருந்து விடுபட்ட கிளிக்கு வீடு வேண்டுமே! அந்த வீடு பட்டமரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அவ்வீடு சுருங்கி வருகிறது. ஓசூர் வளர வளர, சாலை அகலமாகிறது, வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன. அங்கெல்லாம் முதலில் கோடரிக்கு இரையாவது காய்ந்த மரமே. விறகுக்கென வெட்டுவோர் ஒருபுறம். பட்டமரம் அபசகுனம் எனக் கோயில் தோப்பிலிருந்து அகற்றுவோர் மறுபுறம். மக்கள் நடமாடும் பாதையில் சாயும் நிலையிலுள்ள மரத்தை விட்டுவைக்க இயலாது என்பதும் உண்மையே. அங்கும் ஆபத்தான கிளைகளை மட்டும் நீக்கி, உறுதியான அடிமரத்தை நிற்கவிட வழியுண்டு. எவருக்கும் இடையூறில்லாத தோப்பின் ஓரத்திலோ, ஏரிக்கரையிலோ நிற்கும் மரத்தை வெட்டத் தேவையே இல்லை.

ஊரார் மனம் வைத்தால் பொந்துகள் பிழைக்கும் என்பதற்கு அருணாசலப் பிரதேசத்தின் பக்கே வனம் எடுத்துக்காட்டு. அங்குள்ள இருவாச்சிப் பறவைகளும் மரப்பொந்தில் வாழ்பவை. பெண்பறவை உள்ளே சென்று வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண்பறவை சிறு பிளவின் வழியே கனிகளை ஊட்டும். 2011ஆம் ஆண்டு முதல் நிஷி பழங்குடியினர், வனத்துறையுடனும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையுடனும் இணைந்து கூட்டு மரங்களைக் காவல் காக்கின்றனர். தொலைவில் வாழும் அன்பர்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்து அக்காவலுக்குப் பொருளுதவி செய்கின்றனர். முன்பு வேட்டையாடியவர்களும் இன்று காவலராயினர்.

நம் குலதெய்வக் கோயில் தோப்புகளிலும் இத்தகைய காவல் இயலாததன்று. மரம் பட்டுவிட்டால், வெட்டுமுன் சில நாள் நின்று நோக்கலாம். துளைக்குள் கிளி நுழைகிறதா, அந்தியில் ஆந்தை எட்டிப் பார்க்கிறதா என்று குழந்தைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவர். வெட்டியே ஆகவேண்டுமெனில், தை முதல் ஆனி வரையிலான கூடுகட்டும் காலம் கழியும்வரை பொறுக்கலாம். கோயிலுக்கு மரக்கன்று நடுவது புண்ணியம். நின்ற மரத்தை நிற்கவிடுவதும் அதற்குக் குறைந்ததன்று.

ஆண்டுதோறும் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டிச் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர்த்திருவிழா நிகழ்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் அடியார்கள் ஒன்றுகூடி வடம் பிடிக்கும் அந்நாட்களில், பட்டமரங்களின் இருண்ட பொந்துகளில் கிளிகள் தம் முட்டைகளைச் சுமார் மூன்று வாரம் அடைகாக்கின்றன. குஞ்சுகள் பறக்க மேலும் ஏழு வாரம் ஆகும். தரிசனம் முடித்துச் சானமாவு வழியே திரும்பும் குடும்பங்கள், காட்டுக்குள் நுழையாமல், வாகனத்தின் ஒலிப்பானைத் தவிர்த்து மெல்லக் கடந்து செல்லலாம். சாலையோரத்து மொட்டை மரத்தின் உச்சியில் பச்சை நிறம் ஒன்று சிறகடித்தால், மரகதாம்பாளின் நிறம் அதுவென்று குழந்தைகளுக்குக் காட்டலாம்.