எத்தனை எலக்ட்ரான் இருந்தால் கோரம்?

கோரம் என்றதும் பயந்துவிடாதீர்கள் நண்பர்களே. பி.காம் பசங்களுக்குத் தெரியும், இது கம்பெனி சட்டத்தில் வருகிற கோரம். பிரைவேட் கம்பெனியின் பொதுக்கூட்டம் செல்லுபடியாக 2 உறுப்பினர் வேண்டும். 1000 உறுப்பினருக்கு மிகாத பப்ளிக் கம்பெனி என்றால் 5 பேர். இதே கேள்வியை உலோகத்திடமும் கேட்டிருக்கிறார்கள்!

1911-ல் ஹாலந்தில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. இதுதான் மீக்கடத்தி. காரணம் 1957-ல்தான் தெளிவாகப் புரிந்தது: எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, எல்லா ஜோடிகளும் ஒரே தாளத்தில் நகர்கின்றன. தண்ணீர் பனிக்கட்டியாவது போல இதுவும் ஒரு நிலைமாற்றம்.

நிலைமாற்றம் என்பது கூட்டத்தின் குணம். ஒகேனக்கல் தண்ணீரில் ஒரே ஒரு மூலக்கூறை எடுத்து, "நீ திரவமா, ஆவியா?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்? அந்த "சட்டென்று" நடப்பதற்கே பெருங்கூட்டம் வேண்டும். சின்னத் துகளில் மாற்றம் மழுங்கி, மெதுவாகத்தான் நடக்கும்.

உலோகத்தை இன்னும் இன்னும் பொடியாக்கினால்? 1959-ல் பிலிப் ஆண்டர்சன் பதில் சொன்னார். பெரிய உலோகத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் படிகள் சரிவுப் பாதை போல நெருக்கமாக இருக்கும். துகள் சிறுக்கச் சிறுக்கப் படிகளின் இடைவெளி கூடும். ஒரு படி ஏறுகிற செலவு, ஜோடி சேர்வதால் வரும் லாபத்தைத் தாண்டினால் மீக்கடத்தல் அவ்வளவுதான். சுத்தமான காஸ்ட் அக்கவுண்டிங்!

நம் நாட்டிலேயே, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நியோபியம் துகள்களை வைத்துச் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை இறங்கத் தொடங்கியது. 8 நானோமீட்டருக்குக் கீழே மீக்கடத்தல் தென்படவே இல்லை. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு அது.

சிறுசு என்றாலே நஷ்டம்தானா? இல்லை. அதே ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான சங்கீதா போஸ், பிறகு ஜெர்மனியில் வேறு சிலரோடு சேர்ந்து வெள்ளீயத் துகள்களை அளந்தார். 2010-ல் வெளியான முடிவு: சில அளவுகளில் ஜோடியைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் 60 சதவீதம் வரை கூடியிருந்தது. ஆற்றல் படிகள் சரியான இடத்தில் கொத்தாக அமைந்ததன் பலன். காரீயத்திலோ இப்படி எதுவும் நடக்கவில்லை.

கம்பெனி சட்டத்தில் தலையை எண்ணினால் போதும். உலோகத்துக்குள் எத்தனை பேர் என்பதோடு, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.