உலோகத்தை எடு, எலும்பை விடு

முழங்கால் மூட்டைப் பொருத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பொருத்தியதைக் கழற்றத் தெரிந்தவர்கள் குறைவு. பழைய செயற்கை மூட்டை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் ரிவிஷன் அறுவையில் எனக்கு வியர்க்கும் கட்டமும் அதுதான்.

“ஏற்கெனவே ஆடிப்போன மூட்டுதானே டாக்டர், சுலபமா வந்துடாதா?” என்பார்கள். ஆடிப்போனது கையோடு வந்துவிடும். கிருமி தொற்றியதாலோ, கோணலாக அமைந்ததாலோ எடுக்க வேண்டிய மூட்டு பெரும்பாலும் எலும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். மூட்டை எலும்பில் நிறுத்தும் அக்ரிலிக் சிமென்ட் பசை அல்ல. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகி நிற்பது. உலோகத்தை இழுத்தால் சிமென்ட் வரும், அதோடு எலும்பும் பெயர்ந்து வரும்.

அதனால் பிரிக்க வேண்டிய இடம் உலோகத்துக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே. முதலில் உலோகப் பாகங்களுக்கு நடுவே இருக்கும் பாலிஎத்திலீன் தட்டை எடுத்தால் கை நுழைய இடம் கிடைக்கும். பிறகு மெல்லிய ரம்பம், வளைந்துகொடுக்கும் உளிகள். முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும். தொடை எலும்பின் பின்குமிழ்களில் எதுவும் தெரியாது. உளியில் வரும் அதிர்வையும் சுத்தியலின் ஓசை மாறுவதையும் வைத்தே போக வேண்டும். சுற்றிலும் பிடி விட்டுவிட்டால் லேசான தட்டலிலேயே கழன்றுவிடும். ஒரு மூலை பிடித்திருக்கும்போது ஓங்கித் தட்டினால் குமிழ் உடையும். வயதானவர்களின் சன்னமான எலும்பு அப்பளமாக நொறுங்கும்.

கீழ்க்கால் எலும்பான டிபியாவின் பின்மூலை இன்னும் மோசம். தொடை எலும்பு மறைக்கும். அந்த மூலைக்குப் பின்னால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி. அங்கே உளி ஒரு மயிரிழைகூட அதிகம் போகக் கூடாது.

எலும்பு உடைந்தால்கூட ஸ்க்ரூ, நீளத் தண்டு வைத்த மூட்டு என்று வழி இருக்கிறது. நான் அதிகம் அஞ்சுவது முட்டிச்சில்லின் தசைநாணுக்குத்தான். விறைத்துப்போன முட்டியில் சில்லை வலுவில் ஒதுக்கினால் நாண் டிபியாவிலிருந்து பிய்ந்துவிடும். அதைச் சரிசெய்தாலும் பழைய பலம் திரும்புவது அரிது. காலை நீட்டவே முடியாமல் போகலாம். ஆகவே முரண்டு பிடிக்கும் முட்டியில் மேலே தொடைத் தசைநாணைச் சாய்வாக வெட்டி முதலிலேயே வழி உண்டாக்கிவிடுவேன். பின்னால் தைத்துக்கொள்ளலாம்.

மூட்டு எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று தெரிந்தால் அதற்குரிய கழற்றும் கருவியை முன்கூட்டியே வரவழைக்கலாம். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஊகிப்பது பாதி வேலைதான். மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த விவரங்கள் அச்சிட்ட ஸ்டிக்கர் உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கும். நகலைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு பத்திரமாக வையுங்கள்.