ஆட்டம் முடியாமற் காத்த ஓட்டம்

வெற்றிக் கதை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி அடியைத்தான் சொல்லுவார்கள். நாக்பூர் அஜ்னி இரயில்வே காலனியில் குடியிருக்கும் எங்களுக்கும் அத்தகைய கதையொன்று உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எங்கள் காலனிப் பெண்பிள்ளைகள் சாப்ட்பால் ஆட்டமொன்றில் 1–8 எனப் பின்தங்கி நின்று, முடிவில் 9–8 என வென்றார்கள். கடைசி அடியைக் கண்டு ஆரவாரித்தவர் பலர். ஆயினும் அவ்வெற்றிக்கு வித்து, அதற்கு வெகு முன்பே, எவரும் கைதட்டாத ஒரு வேளையில் இடப்பட்டது. அதனை எடுத்துரைப்பதே எங்கள் நோக்கம்.

சாப்ட்பால் நம்மவருள் பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், படகுக் கழகமொன்றின் மண்டபத்தில், பழைய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டித் துடைப்பக் கட்டையால் அடித்து ஆடியதிலிருந்து பிறந்த விளையாட்டு இது. ‘சாப்ட்பால்’ என்னும் பெயர் 1926இல்தான் தோன்றியது. பெயர் மென்மையானதே ஒழியப் பந்து மென்மையானதன்று. 12 அங்குலச் சுற்றளவுள்ள அப்பந்தைக் கையுறையின்றிப் பிடித்தால் உள்ளங்கை சிவந்துவிடும். 1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக் பந்தயங்களிலும், பின்னர் 2021இல் டோக்கியோவிலும் மகளிர் இதனை ஆடினர். மகாராஷ்டிரத்திலோ பள்ளிக்கூடங்களிலேயே இதனைக் காணலாம்.

அணிக்கு ஒன்பதின்மர். பிட்சர் கையைக் கீழாகச் சுழற்றியே பந்தை எறிதல் வேண்டும். மகளிர் ஆட்டத்தில் அவர் நிற்கும் தூரம் 43 அடி. அடித்தவர், 60 அடிக்கு ஒன்றாக உள்ள மூன்று பேஸ்களையும் தொட்டு, புறப்பட்ட ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். மூவர் அவுட்டானால் மறுபக்கத்தாருக்கு முறை வரும். இவ்வாறு ஏழு இன்னிங்ஸ் ஆடுவர். “ஊரை விட்டுப் புறப்பட்டு, மூன்று ஸ்டேஷன் சுற்றி, பத்திரமாக ஊர் திரும்பினால்தான் கணக்கு. இது நம் போன்ற இரயில்வேக்காரர்களுக்கென்றே ஏற்பட்ட ஆட்டம்” என்று எங்களுள் ஒருவர் சொல்லுவதுண்டு.

இவ்விளையாட்டில் இரக்கமற்றது போன்ற, ஆனால் இரக்கத்தினால் ஏற்பட்ட ஒரு விதி இருக்கிறது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்த நிலையில் ஓரணி 7 ஓட்டங்கள் முந்தியிருந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். தோற்பவரை மேலும் வருத்த வேண்டாம் என்பது கருத்து. இவ்விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எங்கள் அணியைப் பழக்கியவர், ஓய்வு பெற்ற மராத்தி தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவர். பிள்ளைகளுள் தமிழர் ஐவர். மற்றவர்கள் மராத்தி, தெலுங்கு, இந்திக் குடும்பத்தவர். தகப்பனாரின் உத்தியோகத்தைச் சொல்லிப் பிள்ளையை அழைப்பது காலனி வழக்கமாதலால், லோகோ பைலட் மகள், பாயிண்ட்ஸ்மேன் மகள், டிராக்மேன் மகள் என்றே அவர்கள் வழங்கப்பட்டார்கள். திடலில் அவர்கள் பேசிக்கொள்வது இந்தி. ஆனால் ஓட்டக்காரிக்குக் குறிப்புக் கொடுக்கும்போது மட்டும் தமிழ். “நில்லு”, “வா”, “ஓடு” என்னும் மூன்று சொற்களையும் எல்லாப் பிள்ளைகளும் கற்றிருந்தார்கள். எதிரணிக்கு விளங்காதல்லவா? நம் தாய்மொழிக்கு இப்படியும் ஓர் உபயோகம் வாய்த்தது கண்டு மகிழ்ந்தோம்.

பந்துக்கும் கட்டைக்கும் கையுறைகளுக்கும் பணம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் அதனைக் கேட்டபோது இரண்டு தடைகள் எழுந்தன. “பெண்பிள்ளைகளுக்குப் பாட்டு இருக்கிறது, படிப்பு இருக்கிறது. இந்த முரட்டு ஆட்டம் எதற்கு?” என்றார் ஒரு பெரியவர். “சங்கத்துப் பணம் பிறமொழிப் பிள்ளைகளுக்கும் போகலாமா?” என்றார் மற்றொருவர். நெடுநேரம் பேசியபின், ஓராண்டுக்கு மட்டும் கொடுப்பது, ஜனவரியில் மறுபடி யோசிப்பது என்று முடிவாயிற்று. வீடுகளிலும் இதே நிலைதான். பத்தாம் வகுப்புப் பரீட்சையைக் காட்டி இரண்டு தாய்மார்கள் டிசம்பரோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அன்று ஆடியது ஓர் ஆட்டமே எனினும், அணி இருக்குமா கலையுமா என்பதே அதில் அடங்கியிருந்தது.

எதிரே நின்றவர்கள் வெளியூரிலிருந்து வந்த, நன்கு பழகிய பிள்ளைகள். முதல் இன்னிங்ஸில் 3, மூன்றாவதில் 4, ஐந்தாவதில் 1 என 8 ஓட்டங்கள் எடுத்தார்கள். நம்மவர் எடுத்ததோ மூன்றாவதில் கிடைத்த ஒன்றே. ஐந்தாவது இன்னிங்ஸில் எங்கள் முறை வந்தபோது வேறுபாடு சரியாக 7. ஓர் ஓட்டமேனும் எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எதிரணியார் தண்ணீர்க் குப்பிகளைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்கள். நம் பக்கத்துப் பார்வையாளர் சிலரும் டியூட்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டார்கள்.

ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டி ஒன்றே ஒன்று சொன்னார்: “ஏழு ஓட்டத்தை நினைக்காதீர்கள். எனக்கு ஓர் ஓட்டம் கொடுங்கள். அடுத்ததைப் பிறகு கேட்கிறேன்.”

முதலில் ஆடிய பிட்சர் அடித்த பந்து உயரச் சென்று பிடிபட்டது. அடுத்தவள் மூன்று ஸ்டிரைக்கில் வெளியேறினாள். இருவர் அவுட். ஒன்பதாவதாக வந்தவள் டிராக்மேன் மகள். அணியிலேயே சிறியவள், பந்து அதிகம் வராத வலப்புற மூலையில் நிற்பவள். அப்பருவம் முழுவதும் அவள் பெயருக்கு எதிரே நல்லடி ஒன்றும் எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறியதில்லை. போகும் வழியில் எங்களைப் பார்த்து, “மாமா, அடிக்கட்டுமா, நிற்கட்டுமா?” என்று கேட்டாள். “நல்ல பந்தானால் அடியம்மா, கெட்ட பந்தானால் நில்லு” என்றோம்.

நின்றாள். இரண்டு ஸ்டிரைக் விழுந்தபின் வந்த மூன்று பந்துகளைக் கட்டையின் ஓரத்தால் தட்டி வெளிக்கோட்டுக்கு அப்பால் அனுப்பினாள். இரண்டு ஸ்டிரைக்குக்குப் பின் அவ்வாறு தட்டிய பந்துக்கு நட்டமுமில்லை, இலாபமுமில்லை. ஆள் மட்டும் உயிரோடிருக்கிறாள். இடையிடையே வந்த கெட்ட பந்துகளைத் தொடாமல் விட்டாள். ஒன்பதாவது பந்து நான்காவது கெட்ட பந்தாக முடிந்தது. விதிப்படி முதல் பேஸுக்கு நடந்து சென்றாள். அடுத்த பந்தை எதிரணிக் கேட்சர் தவறவிட, இரண்டாம் பேஸுக்கு ஓடினாள். பின்னர் வந்த லோகோ பைலட் மகள் பந்தை இடப்பக்கத் திடலுக்கு அடித்தாள். “வா! வா!” என்று தமிழில் கூக்குரல் எழுந்தது. மூன்றாம் பேஸைத் தொட்டுத் திரும்பி, ஹோம் பிளேட்டில் சறுக்கி விழுந்தாள் அச்சிறுமி. நடுவர் இரு கைகளையும் விரித்தார். 2–8. அடுத்தவள் அவுட். எதிரணியார் பைகளைத் திறந்து தண்ணீர்க் குப்பிகளை மீண்டும் வெளியே எடுத்தார்கள்.

கைதட்டல் பெரிதாக எழவில்லை. ஆறு ஓட்டம் பின்தங்கிய அணிக்கு யார் கைதட்டுவார்? ஆனால் பிள்ளைகளின் முகத்தில் ஒரு மாறுதல் தெரிந்தது. அதன்பின் எதிரணியார் இரண்டு முறை ஆடியும் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. ஆறாவதில் நம்மவர் 2 ஓட்டங்கள் சேர்த்தார்கள். 4–8.

ஏழாவதை முதலில் ஆடவேண்டியவளும் டிராக்மேன் மகளே. இம்முறை மூன்று ஸ்டிரைக்கில் அவுட்டானாள். கதைகளில் வருவதுபோல் எல்லாம் நடந்துவிடுவதில்லை. பின்னர் வந்த இருவருள் ஒருத்தி அடித்தும், மற்றவள் நான்கு கெட்ட பந்துகளாலும் பேஸை அடைந்தார்கள். மூன்றாமவள் பந்தை வெகுதூரம் அடிக்க, இருவரும் வீடு திரும்பினர். 6–8. அடுத்தவள் கெட்ட பந்துகளால் முதல் பேஸை அடைந்தாள். அதற்கடுத்தவள் அடித்தது பிடிபட்டது. இருவர் அவுட். சிக்னல் பிட்டரின் மகளான மராத்திப் பெண் ஒரு நல்லடி அடித்தாள். 7–8. அவளுக்கு முன்னவள் மூன்றாம் பேஸில். இவள் அடுத்த பந்திலேயே இரண்டாம் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தாள்.

அப்பொழுது வந்தவள் எங்கள் பிட்சர். எட்டு ஓட்டம் கொடுத்தவள், இரண்டு முறை தொடர்ந்து அவுட்டானவள். இரண்டாவது பந்தை முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே அடித்து விரட்டினாள். ஆட்டம் சமமாயிற்று. பின்னே வந்த மராத்திப் பெண்ணை நோக்கி, மூன்றாம் பேஸருகில் நின்ற தமிழ்ப் பெண், “ஓடு! ஓடு!” என்று அலறினாள். தாய்மொழிச் சொல்லைக் கேட்டவள் போலவே அவள் ஓடினாள். 9–8.

மறுநாள் அரையிறுதியில் தோற்றோம். கோப்பை வரவில்லை. ஆனால் ஜனவரிக் கூட்டத்தில் கையுறைப் பணத்துக்குத் தடை சொல்வார் இல்லை. பாட்டும் படிப்பும் பேசிய பெரியவரே, “அந்தச் சின்னப் பெண் எதிலே நிற்பாள்?” என்று விசாரித்தார். பரீட்சையைக் காட்டிய தாய்மார்களுள் ஒருவர் பெண்ணைத் தொடர்ந்து அனுப்பினார், மற்றவர் அனுப்பவில்லை. டிராக்மேன் குடும்பம் 2024 ஜூன் மாதத்தில் மாற்றலாகிச் சென்றது. பிளாட்பாரத்தில் வழியனுப்பச் சென்ற பிள்ளைகள் அவளை அவள் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். தகப்பனாரின் உத்தியோகத்தை எவரும் சொல்லவில்லை.

கணக்கெழுதுவது எங்கள் தொழில். புத்தகத்தில் ஐந்தாம் இன்னிங்ஸின் அவ்வோர் ஓட்டமும் மற்ற எட்டைப் போல் ஒரு சிறு குறியே. ஆனால் அக்குறி இல்லையேல் அதற்குப் பின் எழுதுவதற்கு ஒரு வரியும் இருந்திராது. கடைசி அடி அடிக்கும் பேறு சிலருக்கே வாய்க்கும். கெட்ட பந்தை விட்டு, நல்ல பந்துக்குக் காத்து, ஆட்டம் முடியாமற் பார்த்துக்கொள்வது நம் எல்லோராலும் இயலும். மூன்றே பிள்ளைகள் வந்த நாளிலும் தமிழ் வகுப்பைப் பூட்டாதவர்களால்தான் வேற்றூரில் நம் சங்கங்களும் நிற்கின்றன.

நாக்பூரில் உள்ள அன்பர்கள் தம் பெண்பிள்ளைகளை ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் காலனித் திடலுக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். குளிர் நாளாதலால் ஸ்வெட்டர் அணிந்து வரட்டும். வலப்புற மூலைக்கு ஆள் தேவையாயிருக்கிறது. கையுறை எங்களிடமே உண்டு.