டர்போவுக்கு முன்னே



எனக்குப் பழக்கமான தம்பி ஒருவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டி ஒன்றை இங்கிலாந்தில் வாங்கியிருக்கிறார். 1.6 லிட்டர் எஞ்சின், இரண்டு இருக்கை, மடக்கும் துணிக்கூரை. கோடையில் கென்ட்டிலுள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தளத்தில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "ஐயா, கையிலிருக்கும் பணத்துக்கு முதலில் டர்போ போட்டுவிடட்டுமா? மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பழைய வண்டிகளின் அடியில் படுத்துப் பல சனிக்கிழமைகளைக் கழித்தவன் என்னும் உரிமையில் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். அந்த ஆசை உங்களுக்கும் இருக்கலாம் அல்லவா?

அந்த வண்டி எதற்காகப் படைக்கப்பட்டது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் அது வெளியிடப்பட்டபோது, அதைவிட வலிமையான எஞ்சின்கள் எத்தனையோ இருந்தன. அதை உருவாக்கியவர்கள் நாடியது வேறு. குதிரையும் அதன்மேல் ஏறியவனும் ஓருயிராய் ஓடும் நிலையை ஜப்பானியர் 'ஜின்பா இட்டாய்' என்பர். அதுவே அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. ஆகையால் எடையை ஒரு டன்னுக்கும் கீழே அடக்கினார்கள். அந்த எடையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமாய்ப் பகிர்ந்தார்கள். எஞ்சினும் பிரேக்கும் ஸ்பிரிங்கும் டயரும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைமட்டும் இரு மடங்காக்கினால் மற்றவை என்ன செய்யும்?

வேகத்தின் கணக்கு நாம் நினைப்பதுபோல் நேர்க்கணக்கன்று. மணிக்கு 50 மைலில் செல்லும் வண்டியை நிறுத்துவதைக் காட்டிலும் 70 மைலில் செல்வதை நிறுத்தப் பிரேக்குகள் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும். விழுங்கிய அனைத்தும் வெப்பமாகிறது. பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் நேர்ப்பாதை முடிந்ததும் பேடக் ஹில் என்னும் வளைவு வருகிறது. சாலை வலப்புறம் திரும்பியபடியே பள்ளத்தில் இறங்கும். அங்கே பிரேக்கை மிதிக்கும் கால் தரைவரை போய்விட்டால், டர்போ எதற்கு உதவும்?

இது வீண் அச்சமன்று. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதியதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறிய பின்னர் அந்த வரம்பு 155 பாகையாகக் குறைந்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, ஆவி சுருங்கும். ஆகவே மிதித்தும் பிடிக்காது. தம்பியின் வண்டியில் திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். ஒரு டப்பா திரவமும் வெப்பம் தாங்கும் பிரேக் பேடுகளும் டர்போவின் விலையில் மிகச் சிறு பங்கே. (பளபளக்கும் புகைக்குழாய் ஒன்றின் படத்தையும் காட்டினார். அது தருவது பெரும்பாலும் ஓசைதான். அந்த ஓசைக்கும் பந்தயத் தளங்களில் வரம்பு உண்டு.)

அடுத்தது டயர். எஞ்சின் ஈட்டுவதும் பிரேக் பிடிப்பதும் உள்ளங்கை அளவான நான்கு இடங்கள் வழியாகவே தரையைச் சேர்கின்றன. நான் ஒன்றே ஒன்றுக்குச் செலவிடலாம் என்றால் நல்ல டயருக்கே செலவிடுவேன். அழகுக்காகப் பெரிய, கனமான சக்கரங்களை மாட்டாதீர்கள்; ஸ்பிரிங்குக்குக் கீழே ஏறும் எடை மேடுபள்ளங்களில் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவிடாது. வண்டியை மிகத் தாழ்த்துவதும் அப்படியே. சக்கரங்களின் கோணங்களைச் சீர்செய்வதற்கோ செலவு குறைவு. இந்த வண்டியில் நான்கு சக்கரங்களின் சாய்வையும் மாற்றியமைக்கலாம். திருப்பத்தில் அதன் பலன் உடனே கைக்குத் தெரியும்.

டர்போ கூடாதா? கூடும், ஆனால் அது தனியே வருவதில்லை. கிளச், ரேடியேட்டர், எரிபொருள் அளவை ஆளும் கணினி எல்லாம் அதனோடு கூடவே செலவு கேட்கும். 1.6 லிட்டர் வண்டியின் டிஃபரன்ஷியல் சிறியது. கூடுதல் முறுக்குவிசையில் அது உடைவதுண்டு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றங்களை அறிவித்தாக வேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் காப்பீடே செல்லாமற்போகக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, வண்டியை உயர்த்தி அடிப்புறத்தைப் பார்க்கச் சொன்னேன். கூரையில் விழும் மழைநீர் வடியும் துளைகளை இலைச்சருகு அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிபோன்ற சட்டத்தில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே திருப்புளியால் மெல்லத் தட்டினார். வர்ணத்தோடு தகடும் உதிர்ந்தது. கதவுக்குக் கீழே உடலைத் தாங்கும் பாகமே அதுதான்.

இப்போது வண்டி வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. டர்போவுக்கென்று வைத்த பணத்தில் ஒரு பகுதி அங்கே போகிறது. எஞ்சியதில் டயரும் பேடும் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். டர்போவின் விலைப்பட்டியலை மட்டும் இன்னும் கிழித்தெறியவில்லை.