ரெண்டு ஓட்டை லேப்டாப்பும் இருபதாம் தேதியும்

எங்க ஊரில் போர்ட் என்று சொன்னால் முதலில் வாஞ்சூர்தான் ஞாபகத்துக்கு வரும். 2009-லிருந்து கப்பல் வந்து போகிற துறைமுகம். அதோடு மீன்பிடித் துறைமுகத்தையும் சேர்த்துக்கொண்டால் காரைக்காலுக்கு மொத்தம் ரெண்டு போர்ட். என் லேப்டாப்புக்கும் ரெண்டுதான். (மொக்கை என்று திட்டாதீர்கள். இதைச் சொல்லாமல் தொடங்க மனசு வரவில்லை.)

அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டு வந்து கொடுத்தது. ஒரு கிலோ சொச்சம் எடை. ரெக்கார்டு நோட்டோடு சேர்த்துப் பையில் போட்டால் இருக்கிறதே தெரியாது. இடது பக்கம் ரெண்டு சி டைப் ஓட்டை, வலது பக்கம் ஹெட்போனுக்கு ஒன்று. அவ்வளவுதான். சார்ஜருக்கு ஒன்று போனால் மிச்சம் ஒன்று. இதில் இன்னொரு கூத்து, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றில்தான் வெளித்திரைக்குப் படம் போகும். மற்றதில் என்ன சொருகினாலும் புரொஜெக்டர் கருப்பாகவே நிற்கும்.

இந்த ஒல்லி மோகத்துக்கு ஒரு பிள்ளையார் சுழி உண்டு. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஆபீஸ் கவர் ஒன்றைத் திறந்து அதற்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவினாரே, அதுதான். அதில் இருந்தது ஒரே ஒரு யூ.எஸ்.பி. 2015-ல் வந்த 12 அங்குல மேக்புக்கில் ஹெட்போன் ஓட்டையை விட்டால் ஒரே ஒரு சி டைப், சார்ஜும் அதிலேதான். பிறகு மற்ற கம்பெனிகளும் வரிசையாக இளைக்க ஆரம்பித்தன.

யூ.எஸ்.பி. வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டுக்கு ஒரு ஓட்டை, பிரிண்டருக்குக் கையகல ஓட்டை, மோடத்துக்கு வேறொன்று என்று இருந்த காலத்தில், எல்லாத்துக்கும் ஒரே வாய் போதும் என்று 1996-ல் வந்தது அது. இன்டெலில் அந்த வேலையை முன்னின்று செய்தவர் நம்ம ஊர்க்காரர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகிற சி டைப் 2014-ல் வந்தது. ஆக, வாய் ஒன்றாகிவிட்டது. ஆனால் உள்ளே எது சார்ஜ் ஏற்றும், எது படம் காட்டும் என்பது வெளியே தெரியாது. பழைய ஓட்டைகள் அசிங்கமாக இருந்தாலும் ஆளுக்கொரு முகம் இருந்தது, பார்த்தாலே வேலை தெரியும்.

எங்கள் டிபார்ட்மெண்ட் புரொஜெக்டருக்கு மேலேயிருந்து தொங்குவது நீலத் தலை வி.ஜி.ஏ. கேபிள், 15 ஊசி. 1987-ல் ஐ.பி.எம். கொண்டு வந்த சங்கதி, என்னைவிட மூத்தது! அதை என் லேப்டாப்போடு சேர்க்க வெறும் ஒயர் போதாது. டிஜிட்டலை அனலாக்காக மாற்றுகிற சில்லு உள்ளே இருக்கிற ஒரு டப்பா வேண்டும். அதனால்தான் அரை மணி நேரத்தில் அது சுடுகிறது. செமினார் நாளில் வகுப்பையே காப்பாற்றியது நாகூர் நண்பனின் லேப்டாப்தான். அவன் அக்காவுக்கு பிளஸ் டூவில் கிடைத்தது, 2011-ல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில். (வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். நாங்கள் புதுச்சேரி, எங்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது.) செங்கல் கனம். பேட்டரி செத்து எத்தனையோ நாளாச்சு, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஆனால் இடுப்பைச் சுற்றி வி.ஜி.ஏ., லேன், யூ.எஸ்.பி. எல்லாம் இருக்கிறது. மொத்த வகுப்பும் பென் டிரைவை அதில்தான் சொருகியது.

இதெல்லாம் மார்க்கோடு போகிற விஷயம். உண்மையில் வயிற்றைக் கலக்கியது வேறு.

சாயங்காலம் ஒரு ஆடிட்டர் சாரிடம் பார்ட் டைம் வேலை பார்க்கிறேன். பி.காம். படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக: மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவர்களுக்கு 3பி படிவத்தின் கடைசி நாள் அடுத்த மாதம் 20. சின்னக் கடைக்காரர் என்றால் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு முடித்துவிடலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்து பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனுக்குள் இருக்கும். பென் டிரைவ் போலக் காப்பி எடுக்க முடியாது, மெயிலில் அனுப்ப முடியாது. ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளியே வராது என்பதுதான் அதன் பாதுகாப்பே. 'எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சு, இனி எதுக்கு ஓட்டை' என்று கேட்கிறார்களே, அவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். இது கிளவுடுக்குப் போகவே கூடாது என்று செய்யப்பட்ட பொருள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். 20-ம் தேதி ராத்திரி எட்டு மணி. ஒரு கம்பெனி டைரக்டர் டோக்கனோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் போனது. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்கீச் என்று கத்திவிட்டு அடங்கியது.

"தம்பி, உன் லேப்டாப்ல சார்ஜ் இருக்குல்ல? அதுல போட்டுருப்பா" என்றார் சார்.

சார்ஜ் இருந்தது, முக்கால்வாசி. செல்லிலிருந்து நெட்டும் இருந்தது. டோக்கனின் அகல மூக்கு நுழைய இடம்தான் இல்லை. என்னிடம் இருந்தது புரொஜெக்டர் டப்பா மட்டும். டைரக்டர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ விலை குடுத்து வாங்கி இதுகூட இல்லியா தம்பி?" என்றார். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. ஒரு நாளைக்குப் பெரிய தொகை இல்லைதான். ஆனால் தாமதம் என்று பதிவாகுமே, அதற்கு ஆடிட்டர் ஆபீஸ்தானே பதில் சொல்ல வேண்டும்?

இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் திறந்திருந்த ஒரு செல்போன் கடையில் சி டைப்பிலிருந்து அகல மூக்குக்கு மாற்றுகிற குட்டித் துண்டு கிடைத்தது. 80 ரூபாய். சொருகியதும் டோக்கனில் விளக்கு மினுக்கியது. அதற்கான டிரைவர், கையெழுத்து மென்பொருள் எல்லாம் இறக்கி, கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது பத்தே முக்கால். கரண்ட் பத்து ஐம்பதுக்கு வந்தது :-)

80 ரூபாய் மேட்டருக்கா இவ்வளவு புலம்பல் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காசு பிரச்சினையே இல்லை. மெஷினோடு பிறந்த ஓட்டை தொலையாது, வீட்டில் தங்காது, யாரும் இரவல் வாங்கிப் போக மாட்டார்கள். அதை வெட்டி எடுத்து ஒரு துண்டாக்கி நம் கையில் கொடுத்தபிறகு, அதை ஞாபகமாகத் தூக்கிச் சுமக்கும் வேலையும் நம் தலையில். எல்லாமே புதுசாக இருக்கிற ஆபீசில் இது உறைக்காது. அடுத்தவர் புரொஜெக்டர், அடுத்தவர் டோக்கன், ஜெராக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டர் என்று ஊர் முழுக்க அகல மூக்கோடு பிழைக்கிறவனுக்குத்தான் உறைக்கும். ஆப்பிளே 2016-ல் மேக்புக் ப்ரோவிலிருந்து எடுத்த எச்.டி.எம்.ஐ.யையும் மெமரி கார்டு ஓட்டையையும் 2021-ல் திரும்ப வைத்தது.

லேப்டாப் மேல் கோபம் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனுக்கு அந்த ஒரு கிலோவின் அருமை தெரியும். அதன் சார்ஜரிலேயே செல்லும் ஏறுகிறது, அண்ணனிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

அந்த 80 ரூபாய்த் துண்டை இப்போது சாருடைய டோக்கனோடு சேர்த்துத் தூண்டில் நரம்பால் கட்டிவிட்டேன். கிளிஞ்சல்மேட்டு நண்பன் கொடுத்த நரம்பு, அறுக்கவே முடியாது. சார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல சொருகறப்போ இது இடிக்குமேப்பா?"

"இடிக்காது சார், நீளமா விட்டுத்தான் கட்டியிருக்கேன்."

"சரி, அப்போ டைரக்டர் டோக்கனுக்கும் ஒண்ணு வாங்கிக் கட்டிடு. காசு என்கிட்ட வாங்கிக்க."