பிரேமுக்கு மட்டும்தான் காசு!

காரைக்குடிக்குப் போகிறவர்கள் மூன்று ரகம். கோழி வறுவலுக்காகப் போகிறவர்கள் முதல் ரகம். அரண்மனை மாதிரி வீடுகளின் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் இரண்டாவது. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளுக்குள் தலையை நுழைத்து, 'இந்தக் கடிகாரம் ஓடுமா?' என்று கேட்கிறவர்கள் மூன்றாவது.

ஆபீஸ் நண்பரும் நானும் மூன்று ரகத்தையும் ஒரே வார இறுதியில் முடித்துவிடும் உத்தேசத்தோடு கிளம்பினோம். பல்லவன் எக்ஸ்பிரஸ் இப்போது காரைக்குடி வரைக்கும் போகிறது. ஆனால் போய்ச் சேரும்போது ஊர் அடங்கும் நேரம். ஸ்டேஷன் பக்கத்தில் கிடைத்தது இரண்டு வாழைப்பழம். முதல் ரகத்திலிருந்து அன்றைக்கே அவுட்!

மறுநாள் காலை முனீஸ்வரன் கோயில் தெரு. அடியில் ஸ்வீடன் என்று முத்திரை குத்திய எனாமல் தூக்குகள், பித்தளைப் பூட்டுகள், ரவிவர்மா லட்சுமி, மரப்பெட்டிகள், யாரோ சாய்ந்து சாய்ந்து தேய்ந்த சாய்வு நாற்காலிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோரமாக அடுக்கியிருந்தது ஒரு சமாச்சாரம். பழைய குடும்ப போட்டோக்கள்!

ஒன்றை வெளியே இழுத்தேன். எண்ணிப் பார்த்தால் 22 பேர். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நடுவில் தடியோடு பெரியவர். ஓரத்தில் கைக்குழந்தையோடு ஓர் அம்மாள். தரையில் உட்கார்ந்த பையன் ஒருவனுக்கு மட்டும் முகம் கலைந்திருந்தது. 'ஆடாதே' என்று போட்டோக்காரர் சொன்ன அந்தக் கணத்தில் திரும்பியிருக்கிறான், படவா!

"பிரேம் வேணுமா சார்? பர்மா தேக்கு. உளுத்தே போகாது. 1,200 ரூபா" என்றார் கடைக்காரர்.

"படத்துல இருக்கிறவங்க யாருண்ணே?"

"அது யாருக்கு சார் தெரியும்? ஒரு வீட்டைப் பிரிக்கிறப்ப சாமானோட சாமானா வந்தது. வேணாம்னா படத்தைக் கழட்டிட்டுத் தாரேன். நெறையப் பேரு அதுல மூஞ்சி பாக்குற கண்ணாடி மாட்டிக்கிறாங்க."

"படத்துக்கு எவ்வளவு?"

"படத்துக்கு ஏது விலை? பிரேமுக்கு மட்டும்தான் காசு!"

22 பேரும் இனாம்.

இந்த ஊர் வீடுகளில் எப்படி இவ்வளவு போட்டோ என்று கேட்டால், பதில் கடல் கடந்து போகிறது. நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று வட்டிக்கடைத் தொழிலுக்குப் போனார்கள். ஏஜெண்டாகப் போனால் கணக்கு பொதுவாக மூன்று வருஷம். ரங்கூனில் மொகல் தெருவில் கிட்டங்கி. அங்கே முதலாளிக்காக ஏஜெண்ட், அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள். மூன்று வருஷத்துக்கு முகத்தைக் காட்ட வழி? ஸ்டுடியோவில் போய் ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்புவதுதான்.

அப்புறம் எல்லாம் தலைகீழ். 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். போர் முடிந்து திரும்பப் போனவர்களும், 1962-ல் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆனதும் மூட்டை கட்டினார்கள். இங்கே வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து புள்ளி, அதாவது பங்குக் குடும்பங்கள். பராமரிக்க ஒத்துவரவில்லை என்றால் வீட்டைப் பிரித்துத் தூணை, கதவை, ஜன்னலை விற்கிறார்கள். அந்த லாரியில்தான் தாத்தாவும் ஏறுகிறார்.

மத்தியானம் கோட்டையூர் போனோம். பக்கத்து ஊர்தான். சேர்த்துவைப்பது என்ற காரியத்துக்குக் கோயில் கட்டலாம் என்றால் இங்கேதான் கட்ட வேண்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோகிராபி படித்துவிட்டு, காந்தி இருக்கும் படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940-ல் மகாத்மா காந்தி ஆவணப்படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியார் இந்த ஊர்க்காரர். போர்டு எழுதும் தொழிலில் இருந்துகொண்டே பழைய புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்த ரோஜா முத்தையாவும் இந்த ஊர்தான். 1992-ல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

நண்பரின் கல்லூரித் தோழர் வீடு அங்கே இருந்தது. வெள்ளையடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. முகப்பில் முன்பக்கம் சாய்த்து மாட்டியிருந்த படங்களையெல்லாம் இறக்கி மூலையில் குவித்திருந்தார்கள். "பங்காளிங்க திருப்பி மாட்ட வேணாங்கிறாங்க. திங்கட்கிழமை கடைக்காரர் வாரேன்னிருக்காரு" என்றார் தோழர். எந்தத் தெருக் கடைக்காரர் என்று கேட்கவில்லை. தெரிந்த தெருதான்!

தோழரின் அப்பத்தாவுக்கு வயது 88. ஊர் வழக்கப்படி எங்களுக்கு ஆச்சி. "வாங்க தம்பி, காப்பி சாப்பிடுறீகளா?" என்று கேட்டுக்கொண்டே நண்பர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். ஐந்து பேர். பின்னால் திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும். கீழே அட்டையில் ரங்கூன் என்று அச்சு.

"நடுவுல உக்காந்திருக்கிறது எங்க அப்பச்சி. பக்கத்துல மேலாளு. கோடியில சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கே, அது பெட்டியடிப் பையன். பதினாலு வயசு. நடந்து வாரப்ப அப்பச்சிக்குக் காய்ச்சலு. 'நீ போயிருப்பா'ன்னு சொல்லிருக்காக. அவன் போகலை. தோள் குடுத்துக் கூட்டியாந்தான். அவன் இல்லைன்னா அப்பச்சி வீடு வந்து சேந்திருக்க மாட்டாக."

பையன் பெயரைச் சொன்னார். அவன் ஊரையும் சொன்னார். தோழர் வெள்ளையடிக்கிறவரைக் கையமர்த்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதை எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே அப்பத்தா!"

"நீ கேட்டியாப்பா?"

அப்புறம் குவியலிலிருந்து ஒவ்வொரு படமாக வந்தது. ஆச்சி சொல்லச் சொல்ல, தோழர் செல்போனில் குரலைப் பதிவு செய்து, படத்தோடு குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பினார். அதுவரை ரோஜாப்பூ குட்மார்னிங் மட்டுமே நடமாடிய குரூப் அது. அரை மணியில் சூடு பிடித்துவிட்டது. மேலாள் யார் என்பதில் கோயமுத்தூர் சித்தப்பாவுக்கும் பெங்களூர் பெரியப்பாவுக்கும் தகராறு. மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஓர் உறவினர் ஒரு படம் அனுப்பினார். 'எங்கள் வீட்டிலும் இந்தப் பொத்தான் பையன் இருக்கிறான், யாரென்றே தெரியாமல் இருந்தது' என்று எழுதியிருந்தார். அதில் அவனுக்கு மீசை வந்திருந்தது!

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது ஏழு படங்கள் பாக்கி. திங்கட்கிழமை கடைக்காரருக்கு வெறும் பிரேம்கூடக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

இது செட்டிநாட்டுச் சங்கதி மட்டும் இல்லை சார். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு, 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாகப் பதிந்திருக்கிறார்கள். அவர்களால் படத்தைக் காப்பாற்ற முடியும். 'அது ராமநாதபுரத்து அத்தை, சமையலில் புலி' என்று சொல்ல உங்கள் பாட்டியால்தான் முடியும்.

சுலபமான வேலைதான். படத்தை ஜன்னலோரமாக நிழலில் வைத்து, பிளாஷ் போடாமல் செல்போனில் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடேயே எடுத்துவிடலாம். லாமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை போட்டால் பிரிக்க முடியாது. பின்பக்கம் மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல் பெயர், ஊர், உறவுமுறை எழுதுங்கள். பால் பாயிண்ட் பேனா வேண்டாம். மசி ஊறி முன்பக்கம் வந்து தாத்தாவுக்குப் பொட்டு வைத்துவிடும். பெரியவர்களைப் பேசவிட்டுக் குரலையும் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, எல்லாவற்றையும் நாலு பேருக்கு அனுப்புங்கள். நீங்கள் 'யாரோ' என்று நினைத்தவரை 'எங்கப்பா!' என்று சொல்ல எங்காவது ஒருவர் இருப்பார்.

எல்லாவற்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள். 88 வயதுக்காரர்களிடம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்தா வாங்கக் கூடாது.

கையோடு இன்னொன்று. உங்கள் செல்போனில் எப்படியும் நாலாயிரம் படம் இருக்கும். அதில் பத்துப் படத்தையாவது பிரிண்ட் போட்டு, பின்னால் பெயர் எழுதி வையுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்த 22 பேரையாவது தேக்குக்காக வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த பிரேம்கூடக் கிடையாது!